ராக் பற்றிச் சேர்ந்து வீடியோ போடுவது: லைவா, எடிட் செய்து போடுவதா?

ராக் இசை கேட்கிற நாலு பேர் சேர்ந்து ஒரு வீடியோ நிகழ்ச்சி நடத்தலாம் என்று இறங்கினால் முதல் வாரத்திலேயே முடிவு செய்யவேண்டியது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லைவில் உட்கார்ந்து பேசிவிடுவதா, இல்லை பேசியதைப் பதிவு செய்து, வெட்டி, கோர்த்து, நிதானமாகப் போடுவதா. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி என்று டெல்டாவில் சிதறிக் கிடக்கிற ஒரு சின்னக் கூட்டம் நாங்கள். லைவில் ஆரம்பித்தோம், எடிட்டுக்கு மாறினோம், இப்போது அதிலேயே இருக்கிறோம். அதனால் இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் எடிட் கட்சி.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கையில் இருக்கும் போன், சட்டையில் குத்துகிற சின்ன மைக், ஒரு ஸ்டாண்டு போதும். கம்ப்யூட்டர் இருந்தால் லைவுக்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ இலவசம். எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இருக்கிறது, பழைய மெஷினாக இருந்தால் ஷாட்கட் போதும். யூடியூபில் போனிலிருந்து நேராக லைவ் போக குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும், முதல்முறை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். 15 நிமிடத்துக்கு மேல் வீடியோ ஏற்ற வேண்டுமானால் போன் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான் இதில் சொல்ல இருக்கிறது.

நேரம் என்று பார்த்தால் லைவ்தான் ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. இரண்டு மணி நேரம் பேசினால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. எடிட் என்றால் அதே பேச்சு ஒரு வாரத்து ராத்திரிகளைத் தின்னும். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு அதைச் செய்வது லேசு இல்லை. கூட்டத்தில் ஒருவருக்காவது எடிட்டிங்கில் உண்மையான ஆசை இருக்க வேண்டும். எல்லோரும் பேச மட்டும்தான் ஆசைப்படுகிறார்கள் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, லைவே போங்கள்.

கரண்டும் நெட்டும் நம் பக்கத்தில் தனிக் கதை. மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்துவது முன்கூட்டியே தெரியும், அதை ஒதுக்கிவிடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எப்போது போகும், எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. லைவில் ஒருவர் பாதி வாக்கியத்தில் உறைந்து நின்றால் மற்றவர்கள் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். பதிவு முறையில் இந்தத் தலைவலி இல்லை. எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ காலில் பேசுகிறோம், ஆனால் அந்தக் காலைப் பதிவு செய்வதில்லை. அவரவர் முன்னால் இன்னொரு போன் அவரவரை மட்டும் பதிவு செய்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் எல்லோரும் ஒருமுறை கை தட்டிவிட்டால் எடிட்டில் அந்தத் தட்டலை வைத்து வரிசைப்படுத்திக்கொள்ளலாம். நெட் நடுவில் போனாலும் பதிவுக்கு ஒன்றும் ஆகாது. இதில் இன்னொரு லாபம்: வீடியோ கால் செயலிகள் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று அமுக்கிவிடும், கிடார் ஒலி அவற்றுக்கு ஃபேன் சத்தம் மாதிரிதான். ஜூமில் இசைக்காரர்களுக்கென்று அசல் ஒலியை அப்படியே விடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, மற்றவற்றில் பெரும்பாலும் போராட வேண்டியதுதான். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது மட்டும் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், இல்லாவிட்டால் அமுக்கிச் சுருக்கித்தான் போய்ச் சேரும்.

இவ்வளவும் சொன்னாலும், எங்கள் முடிவை மாற்றியது நேரமும் இல்லை, கரண்டும் இல்லை. காப்பிரைட். ராக் பற்றிப் பேசுகிற எவருக்கும் கடைசியில் இதுதான் முட்டும் இடம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாட்டைப் பற்றிப் பேசினால் பாட்டைப் போட்டுக் காட்டத் தோன்றும். போட்ட உடனே யூடியூபின் கன்டென்ட் ஐடி என்கிற தானியங்கிச் சோதனை அதைத் தன்னிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். பத்து விநாடிக்குள் போட்டால் ஒன்றும் ஆகாது என்று நம் ஆட்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஒரு விதி சட்டத்திலும் இல்லை, யூடியூபிலும் இல்லை. விளக்கப் பெட்டியில் ‘உரிமை அனைத்தும் உரியவருக்கே’ என்று எழுதி வைப்பதாலும் ஒரு பயனும் கிடையாது. நீங்களே கிடாரில் வாசித்தால்கூட முழுப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது, ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, மெட்டுக்குத் தனியாக ஒரு உரிமை.

கிளைம், ஸ்ட்ரைக் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிளைம் வந்தால் உரிமைக்காரர் அந்த வீடியோவில் விளம்பரம் ஓட்டி வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம், சில நாடுகளில் தடுக்கலாம், எல்லா இடத்திலும் தடுக்கலாம், சும்மா கவனித்துக்கொண்டும் இருக்கலாம். சேனலுக்கு ஆபத்து இல்லை. ஸ்ட்ரைக் என்பது வீடியோவை எடுக்கச் சொல்லி உரிமைக்காரர் சட்டப்படி கேட்டு வருவது. 90 நாளுக்குள் மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் சேனலையே மூடிவிடலாம். இந்தியச் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது: 1957ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டத்தின் 52ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாளுவதை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் கன்டென்ட் ஐடிக்கு ஒலி ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் தெரியும், நீங்கள் விமர்சனம் செய்கிறீர்களா என்று தெரியாது. ஆட்சேபித்து எழுதினால் பதில் சொல்ல உரிமைக்காரருக்கு 30 நாள் அவகாசம். பாட்டுகளைப் பிரித்துப் பிரித்து விளக்கும் அமெரிக்கர் ரிக் பியாட்டோவின் வீடியோக்களையே தடுத்திருக்கிறார்கள். அவர் 2020இல் அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன் போய் இதைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். அவருக்கே அந்த நிலை என்றால் கும்பகோணத்தில் மாடி அறையில் உட்கார்ந்திருக்கும் நாம் எந்த மூலை.

இந்த இடத்தில்தான் இரண்டு வழியும் பிரிகிறது. எடிட் செய்த வீடியோவை ஏற்றும்போது, வெளியிடுவதற்கு முன்பே யூடியூப் அதைச் சோதித்து எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டுக்கு உரிமை கேட்கிறார்கள் என்று காட்டிவிடுகிறது. அந்தத் துண்டை வெட்டலாம், அந்த இடத்தை மௌனமாக்கலாம், பாட்டை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போடலாம். ஒரு பார்வையாளர்கூடப் பார்க்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். லைவில் அந்த வாய்ப்பே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பாட்டு பிடிபட்டால் உங்கள் படத்துக்குப் பதில் ஒரு எச்சரிக்கைப் படம் வரலாம், பாட்டு தொடர்ந்தால் லைவே நின்றுபோகலாம். அப்புறம் பதிவை வெட்டிச் சரிசெய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் அந்த நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போனது போனதுதான், லைவ் போட்டதே அவர்களுக்காகத்தானே.

அதோடு, நாம் போடாத பாட்டுக்கும் சேர்த்து மாட்டுகிற ஊர் நம்முடையது. ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் மைக்செட். மார்கழியில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். முகூர்த்த நாளென்றால் மண்டபத்துப் பாட்டு. நீங்கள் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருப்பீர்கள், ஜன்னல் வழியாக வரும் அம்மன் பாட்டு அதற்குக் கீழே தெளிவாகப் பதிந்துகொண்டிருக்கும். எங்கள் பதிவு ஒன்றைச் சோதித்தபோது அதில் உரிமை கேட்டு வந்தது ராக் பாட்டுக்கு இல்லை, பின்னால் கேட்ட பக்திப் பாட்டுக்குத்தான். அந்தப் பகுதியை மட்டும் மறுநாள் மதியம் திரும்பப் பேசி ஒட்டினோம். லைவாக இருந்திருந்தால் கோயில்காரரிடம் போய் நிறுத்தச் சொல்லவா முடியும்?

சரி, பாட்டையே போடாமல் பாட்டைப் பற்றி எப்படி நிகழ்ச்சி நடத்துவது? எடிட் முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியே இதுதான். இங்கிலாந்து ராக் குழுவான லெட் செப்லினின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ (கரை உடையும்போது) பாட்டை எடுத்துக்கொண்டோம். 1927இல் மிசிசிப்பி ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஓடிய பெருவெள்ளத்தைப் பற்றி மெம்பிஸ் மின்னியும் கேன்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதிவு செய்த புளூஸ் பாட்டு அது, புளூஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. லெட் செப்லின் அதை எடுத்து 1971இல் வந்த தங்கள் நான்காவது ஆல்பத்தில் வேறு ஒன்றாக ஆக்கினார்கள். கரை உடைப்பு என்றால் என்ன என்று கொள்ளிடக் கரைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பாட்டின் உயிர் டிரம்ஸில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்கிற பழைய கட்டடத்தில், மாடிப்படி ஏறும் கூடத்தில் குழுவின் டிரம்ஸ்காரர் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் மைக்குகளை மேல்மாடியிலிருந்து தொங்கவிட்டுப் பதிவு செய்தார். அந்த முழக்கம் டிரம்ஸிலிருந்து மட்டும் வரவில்லை, கட்டடத்திலிருந்தும் வருகிறது.

இதைப் பாட்டு போடாமல் காட்ட மன்னார்குடி நண்பர் ஒருவர் தவிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் மெத்தைகளும் துணிகளும் அடைத்த ஒரு சின்ன அறையில், தவிலின் ஒரு முகமான தொப்பிப் பக்கம் கழியால் கனமான அடி, மறு முகமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல்களால் பதில் அடி, மெதுவான நாலு எண்ணிக்கையில். பிறகு அதே அடியைப் பழைய வீட்டு மாடிப்படிக்குக் கீழே. ஒரு போன் தவிலிலிருந்து ஒரு முழத்தில், இன்னொன்று மேல் படியில் கைப்பிடிக் கம்பியில் கட்டி வைத்தது. திருவாரூர் தம்பி இரண்டையும் ஹெட்போனில் மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அண்ணே, கீழ வச்ச போன்ல கை கேக்குது. மேல வச்ச போன்ல வீடே கேக்குதுண்ணே.” எடிட்டில் அறை, படி, அறை, படி என்று ஒவ்வொரு அடியாக மாற்றி வைத்தோம். பேசி அரை மணி நேரத்தில் புரியவைக்க முடியாதது அதில் அரை நிமிடத்தில் காதில் விழுந்தது. யாருடைய உரிமைக்கும் அதில் வேலை இல்லை. லைவில் தவிலை வாசிக்கலாம், ஆனால் அடிக்கு அடி அறையை மாற்றிக் காட்ட வழியில்லை.

லைவை விட்டதில் எங்களுக்கு நஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2007இல் அயர்ன் மெய்டன் குழுவும் 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகா குழுவும் கச்சேரிக்குப் பெங்களூருக்கு வந்ததைப் பற்றி லைவில் பேசிக்கொண்டிருந்தபோது, நானும் மைசூர் எக்ஸ்பிரஸ் பிடித்துப் போனேன், திரும்பி வர டிக்கெட் இல்லாமல் நின்றுகொண்டே வந்தேன் என்று சாட்டில் ஆட்கள் எழுத ஆரம்பித்தார்கள். நம் ஊர்ப் பக்கம் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எடிட் செய்த வீடியோவுக்கு வரும் கருத்துகளில் அந்தச் சூடு இல்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம்மவர்கள் ஷிப்ட் முடித்துவிட்டு லைவில் வந்து உட்காருவார்கள். அவர்களில் பாதிப்பேர் இப்போது வருவதில்லை. அது உண்மையான வருத்தம்.

லைவை நாங்கள் தொடர்ந்து நடத்தியது கொஞ்ச காலம்தான். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்து உட்காருகிற, சாட்டை ஒழுங்குபடுத்தத் தனி ஆள் வைத்திருக்கிற சேனல்களுக்குக் கணக்கு வேறு மாதிரி இருக்கலாம். வருமானத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுகிற நிலையில் நாங்கள் இல்லை. படம் இல்லாமல் குரல் மட்டும் போடுகிற பாட்காஸ்ட்டும் ஒரு வழி. எடிட் வேலை நன்றாகக் குறையும், ஆனால் கை எங்கே அடிக்கிறது, விரல் எந்தக் கட்டையில் இருக்கிறது என்று காட்ட முடியாமல் போவதால் எங்களுக்கு அது ஒத்துவரவில்லை.

இனிமேல் ஆரம்பிக்கிறவர்கள் எடிட் முறையை முதன்மையாக வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒருமுறை கேள்வி பதிலுக்கு மட்டும் லைவ் வாருங்கள். ஆடியும் முகூர்த்த நாளும் பார்த்துத் தேதி வையுங்கள். அந்த லைவில் யார் கேட்டாலும் பாட்டு போடக் கூடாது, அறையில் டிவி ஓடக் கூடாது, எல்லோருடைய போனும் சைலண்டில் இருக்க வேண்டும். ராக் ரசிகர்களின் ரிங்டோன் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, அதற்கும் உரிமைக்காரர் இருக்கிறார்.