பிக்கப்புக்குப் பிக்கப் போனால்: ஹைலக்ஸில் இரிடியம் பிளக், 14 மாதக் கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இரிடியம் பிளக் (நுனியில் இரிடியம் உலோகம் வைத்த ஸ்பார்க் பிளக்) போட்டால் வண்டி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் பறக்கவில்லை. 2016 மாடல், 2.7 பெட்ரோல், நாலு சிலிண்டர், ஷார்ஜாவில் ஏசி டக்ட்டும் பைப்பும் ஏற்றிக்கொண்டு சைட் சைட்டாக அலைகிற வண்டி, அது பறக்கவும் வேண்டாம். சிக்னலில் நிற்கும்போது குலுங்காமல், பாலம் ஏறும்போது இருமாமல் போனால் போதும். அந்த இரண்டும் நடந்திருக்கிறது. மாட்டி 14 மாதம் ஆகிறது, மீட்டரில் 41,000 கி.மீ. கூடியிருக்கிறது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன். மாட்டிய மறுநாளே "சூப்பர்" என்று ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களை நம்பி நான் நிறையக் காசு விட்டிருக்கிறேன்.

தொல்லை ஆரம்பித்தது போன வருடம் ஜூன் மாதம். காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒரு நிமிடம் எஞ்சின் நொண்டும், அப்புறம் சரியாகிவிடும். பிறகு ஏசி போட்டு நிறுத்தினாலே ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. லோடோடு மலீஹா ரோட்டில் மிதித்தால் பிக்கப்புக்குப் பிக்கப்பே இல்லை (இந்த ஜோக்கை எங்கள் ரூமில் எல்லோரும் சொல்லியாகிவிட்டது). கடைசியில் செக் லைட் வந்தது. நிலையாக எரிந்தால் வேலையை முடித்துவிட்டுப் பார்க்கலாம், ஆனால் மிதிக்கும்போது அது மினுக்கினால் கராஜுக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் செய்கிற பாகம்) போய் அங்கே எரிந்து அதைச் சுட்டுவிடும், அதன் விலைக்குப் பத்துப் பதினைந்து வருடத்துக்கான பிளக் வாங்கிவிடலாம்.

வழக்கமாகப் போகும் கராஜுக்குப் போனேன். பெயர் வேண்டாம், மற்ற வேலைகள் நன்றாகத்தான் செய்வார்கள். சேட்டன் பானெட்டைத் திறந்து, ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டு, "காயில் போச்சு, நாலும் மாற்றணும், 900 திர்ஹம்" என்றார். காயில் என்பது பொறி விடப் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற பாகம். ஒரு பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்து, மொபைலில் புளூடூத்தோடு இணைகிற சின்ன ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தேன். பி0302 என்ற பிழைக் குறியீடு வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், பெட்ரோல் சரியாக எரியவில்லை. இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே தனித்தனிக் காயில். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டிலும் மாட்டி, ஸ்கேனரில் அந்தக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டினேன். குறியீடு மூன்றாவது சிலிண்டருக்குத் தாவியிருந்தால் காயில் கெட்டது என்று அர்த்தம். தாவவில்லை, மறுபடியும் பி0302. பத்து நிமிட வேலை, காசு செலவில்லை, 900 திர்ஹம் தப்பியது.

பிளக்கைக் கழற்றினேன். பழைய ஓனர் எப்போது மாற்றினாரோ தெரியாது, வாங்கும்போதே 1,40,000 ஓடியிருந்தது. நடு முனை மழுங்கிப்போய், இடைவெளி கண்ணுக்கே தெரிகிற அளவு விரிந்திருந்தது. பீங்கான் மேல் கே20எச்ஆர்-யு11 என்று இருந்தது. இந்த எண்களைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாறுவது குறையும்: 20 என்பது வெப்ப அளவு, கடைசி 11 என்பது இடைவெளி 1.1 மில்லி மீட்டர். இது டென்சோ கம்பெனி பிளக், டென்சோவில் 20 என்பது இன்னொரு கம்பெனியான என்.ஜி.கே.யில் 6. இரண்டிலும் எண் கூடினால் பிளக் சீக்கிரம் சூட்டை வெளியே விடும் வகை. பாஷ் கம்பெனியில் இதற்கு நேர் எதிர், எண் கூடினால் சூட்டை வைத்துக்கொள்ளும் வகை. "பாஷிலும் 6 போட்டுக்கோ, எல்லாம் ஒன்றுதான்" என்கிற கவுண்டர் பையனிடம் வாங்க வேண்டாம்.

சரி, எப்போது மாற்ற வேண்டும்? எல்லோரும் கிலோமீட்டர் சொல்வார்கள். சாதா நிக்கல் என்றால் 20,000 முதல் 40,000, நீண்ட நாள் உழைக்கும் இரிடியம் என்றால் 1,00,000. இந்தக் கணக்கு வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வருகிற காருக்குச் சரி. எங்கள் மாதிரி வண்டிகளுக்கு மீட்டர் பாதி உண்மைதான் சொல்லும். இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கூடாது என்று சட்டம். அந்த இரண்டரை மணி நேரம் டிரைவர்கள் பாதிப் பேர் எங்கே இருப்பார்கள்? வண்டிக்குள், எஞ்சின் ஓட, ஏசி ஓட. நானும்தான். ஐடிலில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 700 சுற்று. இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை பிளக் பொறி விட வேண்டும், நிமிடத்துக்கு 350, மணிக்கு 21,000. இரண்டரை மணி நேரத்துக்கு 52,500. இதே வண்டி 100 கி.மீ. வேகத்தில் சுமார் 2,500 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோமீட்டருக்கு 750 பொறி. ஆக ஒரு மதியத் தூக்கம் என்பது பிளக்குக்கு 70 கி.மீ. ஓட்டம், மீட்டரில் சுழியம்! நான் ஒரு நாளைக்கு ஓட்டுவதே 100 கி.மீ. தான்.

இன்னொரு கெடுதலும் உண்டு. பிளக்கின் நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படிகிற கரியைத் தானே எரித்துத் தள்ளும். ஐடிலில் அந்தச் சூடு வருவதில்லை, கரி படிந்துகொண்டே போகும். அதனால் கோடை முழுக்கச் சைட்டில் நின்ற வண்டி என்றால் மீட்டரைப் பார்க்காமல் செப்டம்பர் கடைசியில் ஒரு பிளக்கையாவது கழற்றிப் பார்ப்பது என்று நான் வைத்திருக்கிறேன்.

இனி வாங்கிய கதை. முதல் தடவை நானும் ஏமாந்தேன். ஒரு கடையில் நாலு பிளக் 40 திர்ஹம், "ஒரிஜினல் பாய், ஒரிஜினல்". டப்பா பளபளவென்று இருந்தது. மாட்டினேன், நடுக்கம் போனது, மூன்றே வாரத்தில் திரும்பி வந்தது. கழற்றிப் பழைய பிளக்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பீங்கான் மேல் எழுத்து நகத்தால் சுரண்டினால் மங்கியது. வாஷர் தானாகக் கழன்று கையோடு வந்தது, நல்ல பிளக்கில் அது திரெட்டில் மாட்டிக்கொண்டு சுலபத்தில் வராது. நாலு பிளக்கில் நாலு விதமான இடைவெளி, ஒன்றில் மேல் முனை நடுவுக்கு நேராகவே இல்லை. கடைக்குப் போய்க் கேட்டால் "மாட்டிய சாமானைத் திருப்ப முடியாது" என்றார்கள். அதுவும் நியாயம்தான், பார்க்காமல் வாங்கியது நான்.

அதற்கு அப்புறம் டொயோட்டா ஏஜென்சியின் பார்ட்ஸ் கவுண்டரில் சேஸி நம்பர் கொடுத்து வாங்கினேன், டென்சோ இரிடியம், நாலும் சேர்த்து 150 திர்ஹத்துக்குள். அங்கே பேச்சு கிடையாது, பேரம் கிடையாது, டோக்கன் எடுத்து உட்கார வேண்டும், ஆனால் கைக்கு வந்தது அசல். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இரிடியம் என்று எழுதியிருப்பதெல்லாம் லட்சம் கிலோமீட்டர் வராது. நடு முனையில் மட்டும் 0.4 மில்லி மீட்டர் இரிடியம் வைத்து, மேல் முனையைச் சாதாவாக விட்ட வகை ஒன்று இருக்கிறது, அது நல்ல பொறிக்காகச் செய்தது, நீண்ட ஆயுளுக்காக அல்ல. மேல் முனையிலும் பிளாட்டினம் துண்டு ஒட்டியிருக்கிற வகைதான் நாள்பட வரும். விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். இரிடியம் உருக 2,446 டிகிரி வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும். அதனால்தான் அவ்வளவு மெல்லிய முனை வைத்தும் சீக்கிரம் தேய்வதில்லை, முனை மெல்லிதாக இருப்பதால் காயிலுக்கும் சுமை குறைவு.

மாட்டுகிற வேலை கஷ்டம் இல்லை, பொறுமைதான் வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக் மாட்டியிருக்கும் எஞ்சின் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் திரெட் பிளக்கோடு வந்துவிடும், அப்புறம் அழ வேண்டியதுதான். இங்கே ஜூலையில் எஞ்சின் ஆற ராத்திரி முழுக்க ஆகும், நான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் செய்தேன். 10 சாக்கெட்டால் காயில் போல்ட்டைக் கழற்றி, கனெக்டரை எடுக்க வேண்டும். அந்தக் கனெக்டரின் பூட்டு இந்தச் சூட்டில் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். எனக்கு மூன்றாவது உடைந்தது. காயிலை நேராக இழுக்காமல் கொஞ்சம் திருகிவிட்டுத் தூக்கினால் ரப்பர் கிழியாது.

அடுத்ததுதான் முக்கியம், கராஜ்களில் அவசரத்தில் விடுவதும் இதைத்தான்: பிளக்கைத் தொடுவதற்கு முன் அது உட்கார்ந்திருக்கும் குழிக்குள் காற்று அடிக்க வேண்டும். இங்கே ஓடுகிற வண்டிகளில் அந்தக் குழியில் மண் இருக்கும், சும்மா இல்லை, ஒரு டீஸ்பூன் இருக்கும். அப்படியே கழற்றினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். டயர் கடை நண்பரிடம் சின்னக் கம்ப்ரஸர் வாங்கி வைத்திருந்தேன். குழியில் மண்ணுக்குப் பதில் ஆயில் தேங்கியிருந்தால் வால்வு கவர் பக்கத்து சீல் போயிருக்கிறது என்று அர்த்தம், அதைச் சரிசெய்யாமல் புதுப் பிளக் போட்டுப் பயனில்லை.

புதுப் பிளக்கை ஸ்பேனரால் ஆரம்பிக்கக் கூடாது. ஒரு சாண் பெட்ரோல் ஹோஸைப் பிளக் தலையில் மாட்டி விரலால் சுற்றினால், திரெட் தப்பாக ஏறும்போது ஹோஸ் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். கையால் முட்டுகிற வரை சுற்றி, பிறகு 16 சாக்கெட்டால் அரைச் சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். திரெட்டில் கிரீஸ் தடவச் சொல்லும் மெக்கானிக் நிறையப் பேர். வேண்டாம், இந்தப் பிளக்குகளுக்கு ஏற்கெனவே பூச்சு இருக்கிறது, கிரீஸ் இருந்தால் கைக்குத் தெரியாமல் அதிகமாக இறுகிவிடும். இரிடியம் முனையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பதும், இடைவெளியை வளைத்துச் சரிசெய்வதும் கூடாது, முனை ஒடிந்துவிடும்.

போன வாரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். நுனி இளம் பழுப்பு, காய்ந்த நிறம், தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை. கறுப்பாகப் புகைக்கரி இருந்தால் ஏர் ஃபில்டரைப் பார்ப்பேன், ஈரமாக ஆயில் இருந்தால் கவலைப்படுவேன், வெள்ளை வெளேரென்று இருந்தால் எஞ்சின் அதிகம் சூடாகிறது என்று எடுத்துக்கொள்வேன். பீங்கானும் இரும்பும் சேருகிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது, ரூம் நண்பர் "கேஸ் லீக் ஆகுது, பிளக் போச்சு" என்றார். போகவில்லை. அதிக மின்னழுத்தத்தில் காற்றில் உள்ள ஆயில் தூசு ஒட்டுகிற கறை அது, அதற்குப் பெயரே கொரோனா கறை. பெயரைக் கேட்டதும் அவர் இன்னும் தள்ளி நின்றார்.

குறை என்றால், மைலேஜ் கூடும் என்று டப்பாவில் கொடுக்கிற ஆசை. கூடியது, ஆனால் அது இரிடியத்தால் அல்ல, செத்த பிளக்கை எடுத்ததால். புது நிக்கல் பிளக் போட்டிருந்தாலும் அதே அளவுதான் கூடியிருக்கும் என்பது என் எண்ணம். வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டி, சைட்டில் நிற்காத வண்டி என்றால் அசல் நிக்கலே போதும், மிச்சக் காசில் ஏர் ஃபில்டர் மாற்றலாம். என்னை மாதிரி நாள் முழுக்க ஐடிலில் கிடக்கிற வண்டிக்கு இரிடியம் வாங்கலாம், ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

இதையெல்லாம் போனில் கேட்டுவிட்டுப் பட்டுக்கோட்டையிலிருந்து மச்சான், "மாப்பிள, ஊருக்கு வரும்போது நம்ம பொலேரோவுக்கும் ஒரு செட் வாங்கிட்டு வாங்க, தேங்காய் லோடுக்கு இழுக்கவே மாட்டேங்குது" என்றார். அவருடையது டீசல் வண்டி, அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்தத்தின் சூட்டில் தானாக எரிகிற எஞ்சின், குளிருக்கு ஸ்டார்ட் செய்ய ஹீட்டர் பிளக் மட்டும்தான் இருக்கும் என்று விளக்கினேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப போன மாசம் மெக்கானிக் பிளக் கிளீன் பண்ணினேன்னு 300 ரூபா வாங்கினானே, அது எதுக்கு?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உடைந்த கனெக்டரை இன்னும் கேபிள் டை போட்டுக் கட்டித்தான் ஓட்டுகிறேன். பாசிங் (வண்டியின் தகுதிச் சோதனை) அடுத்த மாதம், அதற்குள் புதிது வாங்கி மாட்ட வேண்டும்.