நூலகத்தின் இணையவழி வரலாற்று நாவல் வட்டம்: ஓராண்டுக்கு மேல் வாசித்த அனுபவம்

வரலாற்று நாவல் வாசகர்களுக்காக நூலகம் நடத்தும் இணையவழி வாசகர் வட்டத்தில் ஓராண்டுக்கு மேலாக இருக்கிறேன். சேர நூலக அட்டை போதும், கட்டணம் இல்லை. மாதம் ஒரு நாவல், மாதக் கடைசியில் ஒரு காணொளிக் கூட்டம். இனி எந்த நூலகத்தில் உறுப்பினரானாலும் இப்படி ஒரு வட்டம் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

நூல் கைக்குக் கிடைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. மின்னூல் என்றால் எத்தனை பேரும் எடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெரும்பாலான உரிமங்களில் நூலகம் வாங்கிய ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் இரவல் பெறலாம். மற்றவர்கள் முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். இரவல் காலம் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று வாரம். முடிந்ததும் நூல் தானாகவே திரும்பிவிடும். ஒரே நாவலைப் பலர் ஒரே மாதத்தில் படிக்க வேண்டிய வட்டத்துக்கு இது ஒத்துவராது. எல்லோரும் ஒரே சமயத்தில் எடுக்கக்கூடிய உரிமமும் உண்டு. நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிரைவ் நிறுவனம் உலக அளவில் நடத்திய 'பிக் லைப்ரரி ரீட்' என்ற கூட்டு வாசிப்பு அந்த முறையில்தான் நடந்தது. எங்கள் வட்டத்தில் அத்தகைய உரிமம் கிடைத்த மாதங்களில் கூட்டம் களைகட்டியது. கிடைக்காத மாதங்களில் பாதிப் பேர் நாவலைத் திறக்காமலேயே வந்து அமர்ந்திருந்தார்கள். நாவலை அறிவிப்பதற்கு முன்பே இதைச் சரிபார்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கதை நடக்கும் காலம் எத்தனை ஆண்டு பழையதாக இருந்தால் அது வரலாற்று நாவல் என்ற விவாதம் எங்களிடையே ஓய்ந்ததே இல்லை. ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1814இல் வெளியிட்ட தம் முதல் நாவலின் துணைத்தலைப்பிலேயே 'அறுபது ஆண்டுகளுக்கு முன்' என்று குறித்தார். அவர் பெயரில் 2010 முதல் வழங்கப்படும் பரிசும் அதையே பின்பற்றுகிறது: கதையின் பெரும்பகுதி, நூல் வெளிவருவதற்குக் குறைந்தது 60 ஆண்டுகளுக்கு முன் நடந்திருக்க வேண்டும். அந்த எல்லையை ஒட்டிய ஒரு நாவலைப் படித்தபோது, கதை நடக்கும் காலத்தில் வாழ்ந்த மூத்த உறுப்பினர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். கதாநாயகி நினைத்த மாத்திரத்தில் வெளியூருக்குத் தொலைபேசியில் பேசுகிறாள். அன்று டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டுமே என்றார் அவர். கதையின் திருப்பமே அந்த ஓர் அழைப்பில்தான் இருந்தது! அன்றைய கூட்டம் குறித்த நேரத்தில் முடியவில்லை.

நண்பர்கள் கூடிப் படிப்பதைவிட நூலகத்தின் வட்டத்தை நான் உயர்வாக மதிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாவலை இரவல் எடுத்த அதே அட்டையால் நூலகம் சந்தா கட்டியிருக்கும் பழைய செய்தித்தாள் தொகுப்புகளையும் திறக்கலாம். ஒருங்கிணைப்பாளரான நூலகர் ஒவ்வொரு நாவலோடும் அந்தக் காலத்துச் செய்திகள் சிலவற்றையும் ஒரு வரைபடத்தையும் அனுப்பிவைப்பார். எது நடந்தது, எது ஆசிரியரின் கற்பனை என்பதை நாங்களே தேடிப் பார்க்கிறோம். நாவலின் இறுதியில் வரும் ஆசிரியர் குறிப்பைக் கடைசி வாரம்வரை யாரும் படிப்பதில்லை என்பது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். ஆசிரியர் துணிந்து புனைந்த இடத்தை நாமே கண்டுபிடித்த பிறகு அந்தக் குறிப்பைப் படிக்கும்போது, அவருடைய உழைப்பின் மீது மரியாதை கூடுகிறது. சில சமயம் கோபமும் வருகிறது.

குறைகளும் உண்டு. எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண் மாறிவிடும். எனவே அத்தியாய எண்ணைச் சொல்லியே பேச வேண்டும். முன்பக்கத்து வம்சாவளி அட்டவணை கைபேசித் திரையில் பொடிப்பொடியாகத் தெரியும். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதே நல்லது. ஒலிநூலாகக் கேட்பவர்களுக்கு அந்த அட்டவணை பெரும்பாலும் கிடைப்பதேயில்லை.

சேர விரும்புபவர்கள் அடுத்த மாத நாவலின் உரிமம் எப்படிப்பட்டது என்று நூலகரிடம் முதலில் கேளுங்கள். காத்திருப்பு வரிசை இருக்கிறது என்றால் இன்றே முன்பதிவு செய்துவிடுங்கள்.