வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டு வாங்குவோர் கவனத்திற்கு: ‘40 ஜிபிபிஎஸ்’ பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்

லேப்டாப்புடன் இணைப்பதற்காக ஒரு கிராஃபிக்ஸ் கார்டையும் (விளையாட்டுக் காட்சிகளை வரையும் வன்பொருள்) அதை வைக்கும் வெளிப்புறப் பெட்டியையும் ஒரே விற்பனையாளரிடம் வாங்கினேன். பணம் செலுத்தும் முன்பே லேப்டாப்பின் முழு மாடல் எண்ணை அனுப்பி, கார்டின் திறன் இதில் முழுமையாகக் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேட்டிருந்தேன். “தண்டர்போல்ட் 3 போர்ட் இருக்கிறது, 40 ஜிபிபிஎஸ், டெஸ்க்டாப்பில் ஓடுவது போலவே ஓடும்” என்று பதில் வந்தது.

வெளிச் சாதனங்களை லேப்டாப்புடன் இணைக்கும் அதிவேக இணைப்பான தண்டர்போல்ட் 3-இன் மொத்த வேகம் 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 40 கிகாபிட்) என்பது உண்மையே. ஆனால் கார்டுக்குரிய பிசிஐ எக்ஸ்பிரஸ் (கம்ப்யூட்டரும் கார்டும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்பு முறை) தரவுக்கு அதில் அதிகபட்சம் நான்கு லேன்கள் (தரவு செல்லும் தடங்கள்), அதாவது சுமார் 32 ஜிபிபிஎஸ்தான் ஒதுக்கப்படுகிறது. நடைமுறையில் 22 ஜிபிபிஎஸ் அளவே தேறும். டெஸ்க்டாப் மதர்போர்டில் அதே கார்டுக்குப் பொதுவாக 16 லேன்கள் கிடைக்கின்றன. போதாக்குறைக்கு, தண்டர்போல்ட் 3 காலத்து லேப்டாப்புகள் சிலவற்றில் தயாரிப்பாளர்கள் அந்த போர்ட்டுக்கு இரண்டு லேன்களை மட்டுமே கொடுத்திருக்கிறார்கள். அப்போது வரம்பு 16 ஜிபிபிஎஸ் ஆகிவிடுகிறது. என்னுடைய லேப்டாப் அந்த ரகம். போர்ட்டின் அருகிலுள்ள மின்னல் குறி இரண்டு வகைக்கும் ஒன்றே என்பதால் வெளித்தோற்றத்தில் எதுவும் பிடிபடாது. மாடல் எண்ணைக் கையில் வைத்திருந்த விற்பனையாளர் தயாரிப்பாளரின் விவரக்குறிப்பைப் பார்த்தே சொல்லியிருக்கலாம்.

விளையாட்டுகள் திக்கித் திக்கி ஓடுவதாகப் புகார் செய்ததும், கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்டார். அதில் நான்கு லேன்கள் என்று இருந்ததைச் சுட்டிக்காட்டி, குறை லேப்டாப்பில் இல்லை, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில்தான் என்று முடித்துவிட்டார். அந்த எண் கார்டுக்கும் பெட்டிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் சிப்புக்கும் இடையிலான இணைப்பைக் குறிக்கிறதே தவிர, பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குச் செல்லும் பாதையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. இதே தொழிலில் இருப்பவருக்கு இது தெரியாது என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கேபிளிலும் கைவரிசை காட்டியிருந்தார். பெட்டியுடன் வரவேண்டிய அரை மீட்டர் கேபிளுக்குப் பதிலாக இரண்டு மீட்டர் கேபிள் இருந்தது. சாதாரண பாசிவ் வகைத் (சிக்னலை வலுப்படுத்தும் சிப் இல்லாத) தண்டர்போல்ட் 3 கேபிள் அந்த நீளத்தில் 20 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கிவிடும். அவர் அனுப்பிய செயல்விளக்க வீடியோவோ, கார்டிலேயே நேரடியாக மானிட்டரைச் செருகி எடுக்கப்பட்டது. லேப்டாப்பின் சொந்தத் திரையில் காட்சி வரவேண்டுமானால், வரையப்பட்ட படம் அதே கேபிள் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். ஏற்கெனவே குறுகலான பாதையில் அதுவும் சேர்ந்து நெரிசலாகும்.

சீல் பிரிந்துவிட்டது என்று பணத்தைத் திருப்பித் தர மறுத்தவர், கூடுதல் தொகை கொடுத்தால் இன்னும் சக்தி வாய்ந்த கார்டாக மாற்றித் தருவதாகச் சொன்னார். அடைப்பு பாதையில் இருக்கும்போது பெரிய கார்டு எதற்கு உதவும்?

வாங்க நினைப்பவர்கள் போர்ட்டின் பெயரைக் கேட்டு நிறுத்தாமல், பிசிஐ எக்ஸ்பிரஸ் லேன்கள் எத்தனை என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்டர்போல்ட் 4 தரத்தில் 32 ஜிபிபிஎஸ் கட்டாயம் என்பதால் இந்த இரண்டு லேன் தந்திரம் அங்கே செல்லாது. வெறும் டைப்-சி வடிவத்தைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். அவற்றில் பல வெளிப்புற கார்டை இணைக்கும் வசதியே இல்லாதவை. எல்லா மேக்குகளிலும் வேலை செய்யும் என்று அதே விற்பனையாளர் விளம்பரத்தில் போட்டிருக்கிறார். ஆனால் ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பான எம்1 முதலான சிப்கள் கொண்ட மேக்குகளுக்கு வெளிப்புற கிராஃபிக்ஸ் கார்டு ஆதரவை ஆப்பிள் வழங்கவில்லை.