மூன்று ஆண்டுகளாகப் பந்து உருட்டுகிறேன்

குடியாத்தத்தில் கைலி வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். எனக்கு இருப்பது பெக்கர் வகைத் தசைச்சிதைவு, தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் பரம்பரை நோய். இதைவிடக் கடுமையான டூஷேன் வகைக்குக் காரணமான அதே டிஸ்ட்ரோபின் (தசைக்குத் தேவையான ஒரு புரதம்) மரபணுவில் வரும் கோளாறுதான், வேகம் குறைவு. முதலில் தொடையும் தோளும் சோரும், விரல்கள் வெகுகாலம் ஒத்துழைக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கியே எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எண் தட்டுவதில் இன்றும் குறையில்லை.

கைபேசியைச் சாய்த்துச் சாய்த்து ஒரு பந்தைப் புதிர்ப்பாதை வழியே குழிக்குள் இறக்கும் விளையாட்டை எனக்குச் சொன்னவர் வேலூரில் ஓர் இயன்முறை மருத்துவர். பிரேசில் ஆய்வாளர்கள் டூஷேன் உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட விளையாட்டைக் கொடுத்துப் பார்த்து 2017இல் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களைவிட நேரம் கூடுதலாக எடுத்தாலும், பழகப் பழக அவர்களும் முன்னேறினார்கள் என்றார். இலவச விளையாட்டுதானே, போனால் போகிறது என்று இறக்கிக்கொண்டேன்.

முதல் வாரம் வீண். கைபேசியை அந்தரத்தில் பிடித்து விளையாடினேன். இருநூறு கிராம்தானே என்பீர்கள். மூன்றாவது நிமிடத்தில் அது அம்மிக்கல். பிறகு மேசைமேல் துண்டை நான்காக மடித்து, முழங்கைகளை அதில் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் அசைத்தேன். எனக்கு வசதியான சாய்வையே சமநிலையாக வைத்துக்கொள்ளும் வசதி அமைப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் பந்து என் சொல் கேட்டது.

நோட்டில் குறித்து வந்தேன். ஒரே பாதைக்கு முதல் நாள் 52 வினாடி, இரண்டு வாரத்தில் 30, ஒரு மாதத்தில் 24. அங்கேயே நின்றுவிட்டது. அக்கா மகள் நான்காம் நாளே 19 வினாடியில் முடித்துவிட்டு, “என்ன மாமா, இன்னும் அதே பாதையா?” என்றாள். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா; வீடு நிறைய உறவினர். பத்து நாள் தொடவில்லை. திரும்ப எடுத்தபோது 27, பழகியது போகவில்லை. புதிய பாதையைத் திறந்தால் மட்டும் 41 என்று காட்டியது.

24 வந்த நாளில் கை தேறிவிட்டது என்று அம்மாவிடம் பெருமையடித்தேன். அடுத்த பரிசோதனையில் பிடிவலிமையை அளந்தார்கள்: முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. தசை தன் வழியில் இறங்கிக்கொண்டிருக்க, எவ்வளவு சாய்த்தால் போதும் என்பதை மூளை கற்றிருக்கிறது, அவ்வளவே. விளையாட்டில் ஏறும் எண்ணைப் பார்த்து மாத்திரையையோ இதயப் பரிசோதனையையோ தள்ளிப்போடுபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

பெரிய எரிச்சல் விளம்பரம். ஐந்து ஆட்டத்துக்கு ஒன்று வரும். அதை மூடும் பெருக்கல் குறி திரையின் மேல் மூலையில், எறும்பளவில். விளையாடக் கையைத் தூக்க வேண்டாம், விளம்பரத்தை மூடத் தூக்க வேண்டும்! கட்டைவிரலைத் திரைமேல் ஊர்ந்து போகவிட்டுத் தொடுவதற்குள் களைத்துவிடும். இப்போது இணையத்தை அணைத்துவிட்டே ஆடுகிறேன்.

நேரம் காலை ஆறு மணி. சித்திரை வெயிலில் பகலில் எடுத்தால் உள்ளங்கை வியர்த்துக் கைபேசி நழுவும். ஏழு ஏழு நிமிடமாக இரண்டு தவணை, நடுவில் ஓய்வு. மறுநாள் முன்கை கனத்தால் அன்று விடுமுறை.

கணினி மவுஸ் பிடிப்பதில் எந்த மாற்றமும் இல்லை. பலன் எதிர்பாராத இடத்தில் வந்தது. டம்ளரை வாய்வரை தூக்கும்போது தேநீர் சட்டையில் சிந்தும். ஒருநாள் பழக்க தோஷத்தில் முழங்கையை ஊன்றி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், மணிக்கட்டை மட்டும் சாய்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. இப்போது அம்மா சிற்றுண்டித் தட்டோடு மடித்த துண்டையும் வைத்துவிடுகிறார். தேநீர்க் கடையில் மட்டும் வழியில்லை. அங்கே மேசை ஏது? பாதி டம்ளர் போதும் என்று சொல்லி வாங்கிக்கொள்கிறேன்.