இடது மிதி இன்றைக்கும் கிறீச்சிட்டது

தூத்துக்குடி நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர்கள் பங்கில் பழைய கால்மிதி ஆர்கன் ஒன்று மூலையில் கிடக்கிறதாம். எங்களுடையதைப் புதுப்பித்த பட்டறையிலேயே கொடுக்கலாமா என்று. எங்கள் கோயில் பாம்பன் பக்கம், அலைச்சத்தம் பீடம் வரை கேட்கும். ஆர்கன் பட்டறையிலிருந்து திரும்பி ஆறு வருடம் ஆகிறது. வாசிப்பவன் நான் ஒருவனே.

ஒலியில் குறை சொன்னால் பாவம். குழாய் ஆர்கன்களைப் பிரித்து மாட்டிப் பழகிய கைகள் அவை. காற்றுப் பட்டதும் நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் பித்தளைத் தகடுகளான ரீடுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியால் இழுத்து, பச்சைக் களிம்பைத் துடைத்து, சுருதி சேர்த்தார்கள். ரீடின் நாக்கை நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். பட்டறைப் பெரியவர் சுரண்டியது என் கண்ணுக்கே தெரியவில்லை; ஒரு தொடல், காதைச் சாய்த்து ஒரு கேட்பு, மறுபடி ஒரு தொடல். குழாய் ஆர்கன் என்றால் வெயில் ஏற ஏறச் சுருதியும் ஏறும். ரீடு அவ்வளவு அலையாது. போன மாதம் கைப்பேசியில் வைத்துப் பார்த்தேன், A சுரம் அதன் பொது அளவான நொடிக்கு 440 அதிர்வை ஒட்டியே நிற்கிறது. துருத்தித் துணியில் இன்றுவரை ஒரு பொத்தல் இல்லை. கூலியும் நியாயம்.

ஆனால் இடது மிதி!

இரண்டாம் வருட ஐப்பசியில் ஆரம்பித்தது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது கோயிலே மூச்சடக்கி முழந்தாளில் இருக்கும். நான் ஒரு சுரத்தை மெல்லப் பிடித்திருப்பேன். காற்று குறையாமலிருக்க மிதிக்க வேண்டும், மிதித்தால் கிறீச். முன்வரிசைப் பிள்ளைகள் அதற்காகவே காத்திருப்பார்கள். "இது ஆர்கனா, கிணற்று ராட்டினமா?" என்று உபதேசியார் கேட்டுவிட்டார்.

பெரியவருக்குப் போன் செய்தால் ஒரே பதில்: "கடற்காற்று, தம்பி." மூன்று முறை வந்தார், துடைத்தார், பஸ் செலவு வாங்கினார். நான் தேங்காய் எண்ணெய் விட்டதற்கு என்னையே கடிந்துகொண்டார், தூசி ஒட்டுமாம். மெழுகு தேய்க்கச் சொன்னார். பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகைத்தான் தேய்க்கிறேன். இரண்டு ஞாயிறு தாங்கும்.

சென்ற வாரம் பொறுமை போய் நானே கழற்றினேன். கீலில் நான்கு திருகாணி. இரண்டு பித்தளை, இரண்டு இரும்பு. இரும்பில் ஒன்றின் தலை விரலோடு உதிர்ந்து வந்தது; சுற்றிலும் மரத்தில் தேயிலைக் கறைபோல ஒரு வட்டம். கடற்காற்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது பட்டறைக்குத் தெரியாத ரகசியமா? 1914-இல் திறந்த பாம்பன் பாலத்தையே விடாமல் அரித்த காற்று இது. ரீடின் நுனியில் மயிரிழை பார்த்தவர்களுக்குத் திருகாணி டப்பாவில் இரும்பு எது, பித்தளை எது என்று பார்க்கக் கண் இல்லையா? கேட்டால் அந்தக் கீலை மாட்டியது பையன் என்பார். இருக்கலாம். பையன் மாட்டியதைப் பார்க்க ஒரு பெரியவர் இருக்கிறாரே.

புதிதாக நான்கு பித்தளைத் திருகாணி வாங்கி வந்து முறுக்கினேன். துரு குடித்த மரம் பஞ்சாகியிருக்கிறது, பிடிக்கவில்லை. இன்று காலைப் பூசையிலும் கிறீச்.

ஆகவே நண்பரே, கொடுக்க வேண்டாம். எங்கள் மிதிப்பலகையை மட்டும் புதன்கிழமை பஸ்ஸில் ஏற்றி அவர்களுக்கே அனுப்புகிறேன். வேறு யாரை நம்பிக் கொடுப்பது? பித்தளைத் திருகாணிகளைக் காகிதத்தில் மடித்துப் பலகையோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.