அல்உலாவுக்கு ‘மூன்று இரவு லக்சரி’ பேக்கேஜ் வாங்கும் முன் வவுச்சரை வரி வரியாகப் படியுங்கள்

சவூதி அரேபியாவின் பாலைவன ஊரான அல்உலாவுக்குக் குளிர்கால பேக்கேஜ் விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரே மாதிரியான ஏமாற்று வேலை திரும்பத் திரும்ப நடப்பதால், அதில் மாட்டிக்கொண்ட ஒரு தம்பதியின் வவுச்சரை வைத்தே இதை எழுதுகிறோம். விற்ற நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே வாசகங்களோடு வேறு பெயரிலும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும்.

அவர்களுக்குச் சொன்னது: அஷார் பள்ளத்தாக்கில் வில்லா, பழங்கால நகரமான ஹெக்ராவில் ‘பிரைவேட் டூர்’, மராயா என்ற கண்ணாடி அரங்கில் இரவு உணவு, விமான நிலைய பிக்கப். கிடைத்தது: ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பேரீச்சந்தோட்டத்தில் கேபின்; ஹெக்ராவுக்கு எல்லோரும் ஏறுகிற பஸ், அதுவும் கிளம்புகிற நாள் நடுப்பகலில்; மராயாவுக்கு வெளியே சாலையோரம் நின்று ஒரு போட்டோ. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வவுச்சரையே காட்டினார்கள். அதன்படி பார்த்தால் அவர்கள் எதையும் மீறவில்லை.

முதல் வரி, ‘அல்லது அதற்கு இணையான விடுதி’. துபாயிலோ ரியாத்திலோ இந்த வரிக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஓர் ஐந்து நட்சத்திர விடுதி நிரம்பிவிட்டால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கும். அல்உலாவில் உயர்தர விடுதிகளே கொஞ்சம். அஷாரின் மணற்பாறைகளுக்கு நடுவே இருக்கிற வில்லாவுக்கும் தோட்டத்துக் கேபினுக்கும் வாடகையிலேயே பல மடங்கு வித்தியாசம். ஆகவே ‘இணையான’ என்ற சொல்லை அடித்துவிட்டு, விடுதியின் பெயர், அறையின் வகை, விடுதியே கொடுத்த கன்ஃபர்மேஷன் எண் மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏஜென்டின் ரெஃபரன்ஸ் எண் எதற்கும் உதவாது.

எண் கைக்கு வந்ததும் விடுதிக்கு நீங்களே போன் பண்ணுங்கள். புக்கிங் என் பெயரில் இருக்கிறதா, பணம் கட்டியாகிவிட்டதா, கட்டணமில்லாமல் ரத்து செய்யக் கடைசி நாள் எது? இந்த மூன்றாவது கேள்விதான் முக்கியம். ரத்து செய்யக்கூடிய புக்கிங் ஒன்றைப் போட்டு, அந்த மின்னஞ்சலை உங்களுக்குக் காட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, கெடு முடிவதற்கு முதல் நாள் ரத்து செய்துவிட்டு மலிவான இடத்துக்கு மாற்றுவார்கள். அதனால் கெடு முடிந்த மறுநாள் இன்னொரு தடவை கேளுங்கள். குளிரையும் விசாரியுங்கள். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே போகும்; ஹீட்டர் இல்லாத கூடாரத்தில் தூங்க முடியாது.

அடுத்தது ஹெக்ரா. அல்உலாவுக்குப் போவதே பெரும்பாலும் இதற்காகத்தான் என்பதால் மோசடியும் இங்கேதான் அதிகம் வலிக்கும். ஜோர்டானில் பெட்ராவைக் கட்டிய நபத்தேயர்கள் என்ற பண்டைய அரபு மக்களின் தெற்கு நகரம் இது. பாறையில் குடைந்த 111 பெரிய கல்லறைகள், அவற்றில் 94 முகப்பு அலங்காரத்தோடு. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சவூதியின் முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஊரிலிருந்து வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். சொந்த வண்டியில் உள்ளே சுற்ற முடியாது. தேதியும் நேரமும் குறித்த டிக்கெட் வாங்கி, ஏற்பாடு செய்த வண்டியில்தான் போகவேண்டும். ‘ராவி’ எனப்படும் உள்ளூர் வழிகாட்டிகள் விளக்கம் சொல்வார்கள். பொதுப் பஸ் ஒரு வகை. பழைய லேண்ட் ரோவர் ஜீப்பில் போவது வேறு வகை, விலையும் வேறு.

வவுச்சரில் ‘பிரைவேட் டூர், ஹெக்ரா’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம். எந்த வகை வண்டி, எந்தத் தேதி, எத்தனை மணி என்று போட்ட, கியூஆர் கோடு உள்ள டிக்கெட்டே கையில் இருக்கவேண்டும். அதை வாங்க ஏஜென்டுகள் ஏன் தாமதிக்கிறார்கள்? உங்கள் பணத்தை வைத்து முந்தைய வாடிக்கையாளரின் பாக்கியை அடைக்கிறார்கள். டிசம்பர், ஜனவரி விழாக் காலத்தில் நல்ல நேரங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மிஞ்சுவது யாருக்கும் வேண்டாத நடுப்பகல்.

நேரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை கஸ்ர் அல்ஃபரீதின் முன்னால் நின்றால் தெரியும். தனிப் பாறை ஒன்றில், மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்து முடிக்காமல் விட்ட கல்லறை அது. மேலே தூண்களின் விளிம்பு கத்தி போலக் கூர்மையாக இருக்கும். கீழே இறங்க இறங்க உளித் தடம் கரடுமுரடாக அப்படியே நிற்கும். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு வெட்டும் நிழலோடு எழுந்து தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே மஞ்சள் சுவர். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போனவர்களுக்கு இதைக் கெடுப்பது சின்னக் குற்றமில்லை.

‘டிரைவர் கம் கைடு’ என்று எழுதியிருந்தால் அதற்கு டிரைவரின் மதிப்பு மட்டுமே கொடுங்கள். ஹெக்ராவுக்குள் அவர் உங்களுக்கு வழிகாட்ட முடியாது. மராயாவும் நினைத்தபோது நுழைகிற இடமில்லை. கண்ணாடி போர்த்திய அந்த அரங்கில் நிகழ்ச்சி இருக்கிற நாளில் மற்றவர்களை விடமாட்டார்கள். உணவகத்தின் ரிசர்வேஷன் உங்கள் பெயரில் வந்தால் மட்டும் அதற்குக் காசு கொடுங்கள். ஹனிமூன் பேக்கேஜில் ‘ஷாம்பெயின் டின்னர்’ என்று யாராவது போட்டிருந்தால், வரப்போவது ஆல்கஹால் இல்லாத பானம்.

பிக்கப்பில் இருக்கிற ஓட்டை விமான டிக்கெட்டில் தெரியும். அல்உலாவுக்கே விமான நிலையம் உண்டு. ரியாத், ஜித்தாவிலிருந்தும், குறிப்பிட்ட நாட்களில் துபாய், தோஹாவிலிருந்தும் விமானம் வருகிறது. மலிவு பேக்கேஜில் மதீனாவுக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல், காரில் மூன்றரை மணியிலிருந்து நான்கு மணி நேரம். நள்ளிரவில் இறங்கி விடியற்காலையில் அறைக்குப் போய்ச் சேர்ந்தால் அதுவும் ஓர் ‘இரவு’தான். திரும்பும்போதும் இதே கணக்கு. மூன்று இரவுக்குப் பணம் கட்டி, ஊரைப் பார்க்க இரண்டு பகல்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. அந்தத் தம்பதியின் வவுச்சரில் பிக்கப் ‘அல்உலா விமான நிலையத்திலிருந்து’ என்றிருந்தது, டிக்கெட் மதீனாவுக்கு. இடைப்பட்ட தூரத்துக்கு டாக்ஸி வாடகை அவர்கள் தலையில். வழியில் ‘மதீனா சிட்டி டூர்’ சேர்த்திருந்தால், முஸ்லிம் அல்லாதவர்கள் நபிகள் பள்ளிவாசல் பகுதிக்குள் போக முடியாது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

விசா கைக்கு வரும் முன் முழுப் பணம் கட்டாதீர்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற எல்லோருக்கும் சுற்றுலா ஈ-விசா கிடையாது. ஒரு முறையாவது பயன்படுத்திய செல்லுபடியாகும் அமெரிக்க, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா இருப்பவர்களுக்கும், வளைகுடா நாடுகளில் வசிப்பவர்களுக்கும் அந்த வழி உண்டு. மற்றவர்கள் விசா மையத்துக்குப் போய் கைரேகை வைத்துத்தான் வாங்கவேண்டும். ‘ஈ-விசா கேரண்டி’ என்பவரிடம், கிடைக்காவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்று எழுதி வாங்குங்கள்.

விலையைச் சரிபார்ப்பது எளிது. டாலருக்கு 3.75 ரியால் என்பது 1986 முதல் மாறாத விகிதம். அன்றைய டாலர் ரேட்டை 3.75ஆல் வகுத்தால் ஒரு ரியாலுக்கு எத்தனை ரூபாய் என்று வந்துவிடும். ஏஜென்ட் அதைவிட எவ்வளவு ஏற்றியிருக்கிறார் என்று பாருங்கள். சவூதியில் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 15 சதவீதம். ‘வரி தனி’ என்ற பொடி எழுத்தைத் தேடுங்கள். வெளிநாட்டு பேக்கேஜுக்கு டிசிஎஸ் (விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) என்று பணம் பிடித்திருந்தால், அது உங்கள் பான் எண்ணில் வருமான வரித் தளத்தில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் உங்களிடம் வாங்கியதை அரசுக்குக் கட்டவில்லை அல்லது உங்கள் பானில் காட்டவில்லை; இரண்டில் எதுவானாலும் ரசீதோடு உடனே கேளுங்கள்.

தனிநபர் கணக்குக்கு யுபிஐ வேண்டாம். கிரெடிட் கார்டில், நிறுவனத்தின் பெயருக்குக் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கியில் டிஸ்பியூட் போட வழியிருக்கும். சவூதியில் இருக்கும்போதே பிரச்சினை என்றால் சுற்றுலா அமைச்சகத்தின் 930க்கு அழையுங்கள். கொடுத்த அறை, ஏற்றிய வண்டி எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். ஏஜென்டுக்கு அன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். இந்தியா திரும்பியதும் நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிவிட்டு ஆளே காணாமல் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கிற மாவட்டத்திலேயே போடலாம். ஏஜென்டின் அலுவலகம் இருக்கிற ஊருக்கு அலையத் தேவையில்லை.