சாட்ஸ்வர்த் தமிழ் வகுப்புக்கு வாங்கிய சக்கர மேசைகள்: ஆறு மாதம் புழங்கிய பிறகு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். இருபத்திரண்டு பிள்ளைகள் நேரில் வருகிறார்கள், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து நாலு பேர் வீடியோவில் சேர்கிறார்கள். 2020-இல் பள்ளிகளை மூடினார்களே, அப்புறம் 2022 தொடக்கம் வரை பல பள்ளிகளில் பிள்ளைகள் முறை வைத்துப் போய்வந்தார்களே, அப்போது ஆரம்பித்த பழக்கம்தான் இது. பாதிப் பாடம் டேப்லெட்டில், பாதி என்னோடு. ஆனால் மண்டபத்தில் இருந்தவை எல்லாரையும் முன்பக்கம் பார்த்தே உட்காரவைக்கும் நீள பெஞ்சுகள்.

அதனால் உள்ளூர் பர்னிச்சர் கடை ஒன்றில் சக்கரம் வைத்த சரிவக மேசைகள் பன்னிரண்டு வாங்கினோம். ஒன்று 1,900 ரேண்ட். என் தீர்ப்பு: வாங்கலாம், ஆனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளப் பக்கங்களை ஒட்டி இரண்டைச் சேர்த்தால் அறுகோணம், அதில் ஆறு பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். ஒரு குழு டேப்லெட்டில் உச்சரிப்பைக் கேட்கும், இன்னொரு குழு எழுதும், மூன்றாவது என்னிடம் வாசிக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், மேசையைத் தள்ளிச் சேர்க்க ஒரு நிமிஷம்கூட ஆகாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மண்டபம் பூஜைக்கு வேண்டும். வகுப்பு முடிந்ததும் பலகையை மடக்கிச் சுவரோரம் ஒன்றுக்குள் ஒன்றாகத் தள்ளிவிடுவோம்.

இனி குறைகள். நாலு சக்கரத்தில் இரண்டுக்குத்தான் பிரேக். எட்டு வயதுப் பிள்ளை 'ழ'வின் கடைசிச் சுழிக்குக் கையை அழுத்துகிறாள், மேசை இரண்டு விரற்கடை நகர்கிறது, சுழி பக்கத்து வரிக்கு ஓடிவிடுகிறது. பாவம், அவள் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள்! நாலு சக்கரத்துக்கும் பிரேக் கேளுங்கள். பலகை சிப்போர்டு, அதாவது மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தது. டர்பன் ஈரக்காற்றில் ஓரப் பட்டை உரிந்த இரண்டு மேசைகளில் பலகை ஊறி உப்பிவிட்டது. கடையில் மாற்றித் தந்தார்கள், ஆறு வாரம் அலையவிட்டு.

உயரத்தில் தவறு எங்களுடையது. எல்லாமே 71 சென்டிமீட்டர். பள்ளி மேசை நாற்காலிகளுக்கான ஐரோப்பியத் தர அளவில் (இ.என். 1729) 133 முதல் 159 சென்டிமீட்டர் வரை உயரமுள்ள பிள்ளைக்கு மேசை 64, நாற்காலி 38 என்று போட்டிருக்கிறது. எங்கள் சின்னவர்களில் பலர் அதையும் எட்டாதவர்கள், தோளைத் தூக்கிக்கொண்டு எழுதுகிறார்கள்.

மேசையோடு சேர்த்து இரண்டு விஷயத்துக்குக் காசு ஒதுக்குங்கள். ஒன்று மின்சாரம். இங்கே சுவரில் இருப்பது தடித்த உருளை முனைகள் மூன்றுக்கான துளை, சார்ஜர்களோ இரண்டு முனை. ஒவ்வொன்றுக்கும் அடாப்டர் மாட்டினால் பக்கத்துத் துளையை மறைத்துவிடும். இரண்டு முனைத் துளையும் உள்ள நீளப் பெட்டியாக வாங்குங்கள். மின்வெட்டுக் காலத்தை மறக்காமல் டேப்லெட்டுகளை வெள்ளி இரவே சார்ஜ் போட்டுவிடுகிறோம். இன்னொன்று சத்தம். தகரக் கூரை, டைல்ஸ் தரை, மழை வந்தால் வீடியோவில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே கேட்காது. தடித்த துணி ஒட்டிய அறிவிப்புப் பலகைகளைச் சுவரில் மாட்டிய பிறகு எதிரொலி நன்றாகவே குறைந்தது, கூரைச் சத்தம்தான் அப்படியே இருக்கிறது.

அடுத்த மாதம் சின்னவர்களுக்கு உயரம் கூட்டிக் குறைக்கிற மேசை ஆறு சொல்லப்போகிறோம். இந்த முறை இரண்டு பிள்ளைகளைக் கடைக்கே கூட்டிப்போய், உட்காரவைத்து எழுதவைத்துப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுவேன்.